காற்றடக்கியாரின் கழுத்துச் சாவி

காற்றை அடக்குகிறவர் ஊருக்கு வந்துவிட்டார். இனி என்ன குறை?

வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் நகர மண்டப வாசலில் தொடங்கிய வரிசை ரொட்டிக்கடையைத் தாண்டித் தபால் நிலையத்தைத் தொட்டது. தபால்காரர் தபாலை விட்டுவிட்டு வரிசையில் நின்றார். பல் மருத்துவர், வாயைத் திறந்த ஆளை அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு வந்தார் என்று கேள்வி.

ஊரின் காற்றுப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் சுழல்காற்றின் வழியில் இருக்கிறது. முப்பத்தாறு வருடத்துக்கு முன் ஒரே மாலையில் ஒன்பது சுழல்காற்றுகள் சுற்றுவட்டாரத்தில் இறங்கின. பள்ளிக்கூடக் கூரையை அடுத்த ஊர் ஏரியில் கண்டெடுத்தார்கள். இறந்தவர்களின் பெயர்கள் மண்டபச் சுவரில் இருக்கின்றன. அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு ஒரு நிலவறை தோண்டினார்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் சைரன் வைத்தார்கள். பின்னர் நான்கு முறை காற்று வந்தது. வீடுகள் போயின, ஆட்கள் போகவில்லை.

சைரன் சரியாக இருக்கிறதா என்று மாதத்தின் முதல் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஊளையிட வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு யாரும் ஓடுவதில்லை. கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்.

காற்றடக்கியாரின் தத்துவம் எளிது. காற்றுக்கு ரோஷம் அதிகம். நிலவறைக்குள் ஒளிந்தால் அதற்குக் கோபம் வரும். ஆகவே நிலவறையைப் பூட்டிச் சாவியை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு ஏழு முடிச்சுப் போட்ட நீலக் கயிறு கிடைக்கும். வாசல் நிலையில் கட்டினால் காற்று வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கயிற்றின் விலை ஒரு வாரக் கூலி. ரோஷமுள்ள காற்றுக்கு மலிவுக் கயிறு பிடிக்காதாம்.

சைரனைப் பராமரிக்கும் மின்பணியாளர் ஒரு பெண். அவளுடைய தங்கை தையல்காரி. தங்கைக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒன்று. தங்கை வீட்டு வாசலில் நீலக் கயிற்றைப் பார்த்ததும் அக்கா நேரே உள்ளே போனாள். சுழல்காற்றுப் பருவம் தொடங்கிவிட்டது.

"சாவியைக் குடுத்துட்டியாடி?"

"குடுத்துட்டேன்க்கா. அவரோட போட்டோ ஆல்பத்தை நீ பார்த்தியா? எத்தனை வீடு! எல்லாத்துலயும் கயிறு. எல்லாம் அப்படியே நிக்குது."

"விழுந்த வீட்டை யாரு ஆல்பத்துல ஒட்டுவா?"

"உனக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லணும்."

"பூட்டை உடைச்சிடறேன்."

"தொட்டே, அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறாதே. அவர் பொய்யர்னு காட்டு. நானே போய்ச் சாவியை எடுத்துட்டு வர்றேன்."

அக்கா அன்றைக்கே காற்றடக்கியாரிடம் போனாள்.

"ஐயா, ஊரே ஒண்ணா உக்காந்து உங்க பேச்சைக் கேக்கணும். வர்ற சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வச்சுக்கலாமா?"

"தாராளமா வச்சுக்கலாம்மா. உச்சி நேரம்தான் காத்து என் பேச்சைக் கேக்கிற நேரம்."

அது மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஊருக்கெல்லாம் தெரியும். அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. காற்றோடு பேசுகிறவருக்குக் காலண்டர் எதற்கு?

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பெரிய பலகை. அதில் ஊர் நிலவறைச் சாவிகள் எல்லாம் தொங்கின. காற்றடக்கியார் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"எப்பேர்ப்பட்ட காத்து வந்தாலும் நான் நின்ன இடத்தை விட்டு நகர மாட்டேன்! நீங்களும் நகரக்..."

சைரன் ஊளையிட்டது.

ஊர் மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் மேடையில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது.

அதன் உரிமையாளர் அதற்குள் பின்கட்டை அடைந்து, கழுத்தில் தொங்கிய சாவியைச் சட்டைக்குள்ளிருந்து உருவி, மண்டபத்து நிலவறையைத் திறந்து இறங்கி, உள்ளே தாழும் போட்டுவிட்டார்.

தபால்காரர் பதறிப்போய்க் கதவைத் தட்டினார். "ஐயா, வெளியே வாங்க..."

"தட்டாதீங்க! இங்கே இடமில்லை!" என்றது நிலவறை. அதில் இருநூறு பேர் உட்காரலாம்.

"சோதனைங்கய்யா! இன்னைக்கு முதல் சனிக்கிழமை!"

தாழ் திறக்கவில்லை.

மின்பணியாளர் ஒரு கேள்விதான் கேட்டாள். "நம்ம சாவியெல்லாம் பலகையில தொங்குது. இவர் சாவி மட்டும் ஏன் கழுத்துல தொங்குச்சு?"

தங்கை முதல் ஆளாக மேடை ஏறித் தன் சாவியை எடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை மட்டும் அவள் கையில் திணித்தாள். கால் மணி நேரத்தில் பலகை காலி. ஒரு மணிக்கு வெளியே வந்தவர், கயிற்றுக் காசையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினார்.

பதினேழு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சைரன் மறுபடி ஊளையிட்டது. செவ்வாய்க்கிழமை சோதனை கிடையாது. ஊரே நிலவறைக்குள் இறங்கியது.

காற்று ஓய்ந்ததும் தையல்காரி குழந்தைகளோடு மேலே தலையை நீட்டினாள். வீடு இல்லை. வாசல் நிலை மட்டும் நின்றது, அவிழ்க்க மறந்த நீலக் கயிற்றோடு.

அந்தப் பக்கம் வந்த தபால்காரர் வாயைப் பிளந்தார். "கயிறு கட்டின நிலை மட்டும் நிக்குது பார்த்தியாம்மா! அவர் சொன்னதுலயும் ஏதோ இருக்கு!"

"அப்போ அடுத்த தடவை நீங்க இந்த நிலைக்கு நடுவுல வந்து நில்லுங்கண்ணே. நாங்க கீழே இருக்கோம்."

காற்று கூரையைத்தான் பிய்த்துக்கொண்டு போகும். மூளையை நாமாகத்தான் கழற்றிக் கொடுக்க வேண்டும்.