கண்டினியூட்டியின் பாதி மீசை

சினிமாவுக்குள் நுழைய ஆயிரம் வழி இருக்கிறது என்பார்கள். ஆயிரத்தோராவது வழியாக ஏணியைக் கண்டுபிடித்தவர் எங்கள் கட்டடத்துக் கீழ்க்கடைக்காரர். நுழைந்த முதல் நாளே பாதி மீசையைப் பறிகொடுத்து, மீதிப் பாதியோடு மூன்று வருஷம் மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே தலைநிமிர்ந்து உலவியவர், இந்தப் பூவுலகில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு உண்டு. அது ஆதார் அட்டையோடு சரி. எங்களுக்கெல்லாம் அவர் 'கண்டினியூட்டி'.

மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால், மெட்ரோ வேலைக்காக அடைத்துவைத்த தெருவில் எங்கள் கட்டடம். இரண்டாம் மாடியில் வீட்டுக்கார மாமி, முதல் மாடியில் வாடகைக்கு நான். தரைத்தளத்தில் ஷட்டர் போட்ட ஒரு ஏசி ரிப்பேர் கடை. கழற்றிப் போட்ட மோட்டாருக்கும் மூடிக்கும் நடுவே, சைதாப்பேட்டையிலிருந்து காலை ஒன்பதுக்கு வந்து உட்காருபவர்தான் நம்மவர். முப்பது வயது. முறம் பிடிக்க வரும் கைபோல இரு பக்கமும் வளைந்த அருவா மீசை.

எங்கள் தெருவிலிருந்து கேமரா முன்னால் போனவர்கள் நாலைந்து பேர் உண்டு. ஒருவர் சபா நாடகங்களில் முப்பது வருஷம் மாமனார் வேஷம் கட்டி, கடைசியில் சீரியலிலும் மாமனாரானார். தி.நகர் கடை விளம்பரம் ஒன்றில் புடவையைத் தடவிப் பார்த்து 'அம்மாடி' என்ற ஒரு பெண், இப்போது மத்தியான சீரியலில் நாத்தனாராக நாலு குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜிம்மில் சட்டையைக் கழற்றி ரீல்ஸ் போட்டவன் அடியாளாகி, மாசம் இரண்டு படத்தில் அடி வாங்குகிறான். இவர்களெல்லாம் ஆசைப்பட்டுப் போனவர்கள். கண்டினியூட்டி போனது தி.நகரில் ஒரு சினிமா கம்பெனி ஆபீஸின் ஏசியைக் கழுவ.

"ஏணி மேல கீறேன் ஸார். மூஞ்சி பூரா தூசு. கீழர்ந்து ஒருத்தர் என்னியே பாத்துக்கினு கீறாரு. கேஸ் லீக்கான்னு கேக்கப் போறாருன்னு பாத்தா, 'இந்த மீசை ஒரிஜினலா?'ன்றாரு."

கேட்டவர் டைரக்டர். முதல் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதையில் ஒரு கிராமத்து ஆளுக்குப் பஞ்சாயத்தில் பாதி மீசையை மழிக்கிறார்கள். நிஜமாகவே மழிக்க வேண்டும் என்பது டைரக்டரின் பிடிவாதம். கேட்ட நடிகர்கள் எல்லோரும் கும்பிடு போட்டுவிட்டார்கள். மூன்று சீரியலில் முழு மீசையோடு வருகிறவர் இதில் பாதியைக் கொடுத்தால் அந்த மூன்றிலும் யார் போய் நடிப்பது? வேறு படம் இல்லாத மீசை ஒன்று தேவைப்பட்டது. அது ஏணி உச்சியில் இருந்தது.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் ஷூட்டிங். இடது பாதியை மழித்து முடித்ததுமே வெளிச்சம் போய்விட்டது. அடுத்து நம்மவர் குளோசப்பில் ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். "மசுருதான போச்சு. மானம் இங்கதான் இருக்கு" என்று நெஞ்சைத் தட்ட வேண்டும். அதை அடுத்த ஷெட்யூலில் எடுத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் தோளில் கை வைத்தார்.

"அதுவரைக்கும் இதே கெட்டப்ப மெயின்டெயின் பண்ணுங்க. கண்டினியூட்டி போயிடக் கூடாது. நீங்க இல்லாம இந்தப் படம் இல்ல."

மறுநாள் காலை கடை திறந்தபோது தெருவே கூடிவிட்டது. வலப்பக்கம் பார்த்தால் கோட்டைக் காவல் வீரன், இடப்பக்கம் பார்த்தால் பரீட்சை எழுதப் போகும் மாணவன். "இன்னும் ஒரு மாசம்தான் ஸார்" என்றார். நானும் நம்பினேன்.

ஒரு மாசம் ஆறாகி, வருஷமாகி, இரண்டாயிற்று. கம்பெனி ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்க ஆரம்பித்தார்கள். டைரக்டர் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் சலூனுக்குப் போய், "லெஃப்ட எடுத்துரு, ரைட்ட ட்ரிம் பண்ணு" என்று உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை பரபரப்பில் பார்பர் மாற்றிக் கையை வைக்கப் போக, நம்மவர் போட்ட கூச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் பாதி ஷேவிங்கோடு ரோட்டுக்கு ஓடியதாகக் கேள்வி.

மீசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்திருந்தார். எடை கூடக் கூடாது என்று இட்லியை மூன்றோடு நிறுத்தினார். மாமி வடை கொடுத்தால், "படத்துல நான் இளைச்சு கீறேன் மாமி" என்று தட்டைத் திருப்பிவிடுவார். ஷூட்டிங் அன்று தாடையில் ஒரு பரு இருந்ததாம். பரு நன்றி கெட்டது, நாலாம் நாளே போய்விட்டது. அது இருந்த இடத்தை, அன்று எடுத்த போட்டோவில் பால்பாயின்ட் பேனாவால் வட்டமிட்டு, கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்.

தொழில் அடிபட்டது. கதவைத் திறந்த வீட்டுக்காரர்கள் திரும்ப மூடினார்கள். மந்தைவெளியில் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்து, குடித்திருக்கிறாரா என்று வாயை ஊதச் சொல்லி, ஊதியதில் ஒன்றும் தெரியாமல், "அப்ப ஏன்யா இப்படி?" என்று மனம் நொந்து அனுப்பினார். மாமியும் ஒரு நாள் பொங்கிவிட்டாள்.

"ஏண்டாப்பா, எங்காத்துக்கு வரவாள்லாம் வாசல்ல உன்னைப் பாத்துட்டுப் படியேறவே பயப்படறா. ஒண்ணு வச்சுக்கோ, இல்லேன்னா எடுத்துடு. இதென்ன, கோலத்தைப் பாதில விட்டுட்டு எழுந்து போனாப்பல!"

"திடீர்னு நாளிக்கே கூப்டா இன்னா பண்றது மாமி? மீச ஒரு நாள்ல மொளைக்குமா?"

மாமி தலையில் அடித்துக்கொண்டு படியேறினாள்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன். "படம் நின்னு போயிருந்தா என்னப்பா பண்ணுவே?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஸார், பன்னண்டு வருஷமா வூடு வூடா போய்க்கினு கீறேன். 'சீக்கிரம் முடிச்சுட்டுக் கெளம்பு', 'செருப்ப வெளிய வுடு', இத்தான் சொல்லிகீறாங்க. நீ இல்லாம இது இல்லன்னு எவனாச்சும் சொல்லிகீறானா? அவரு ஒருத்தர்தான் ஸார் சொன்னாரு."

அதற்குப் பிறகு நான் மீசையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் அப்படி ஒருவரும் சொன்னதில்லை.

இந்த லட்சணத்தில் கல்யாணம் கூடியது. பெண்ணின் பெயர் செல்வி. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு. ஃபிட்டிங் வேலைக்குப் போன இடத்தில் பழக்கம். அந்தக் கடையில் இவரைப் பார்த்துச் சிரிக்காத ஒரே பெண் அவள்தானாம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லாததால் பேச்சுவார்த்தைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். எல்லாம் சுபமாக முடிந்து, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது செல்வி கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"மூணு வாரத்துல மீசைய எடுத்துருவதான?"

"படத்த முடிக்காம எப்டி செல்வி?"

"அப்ப ஒண்ணு சொல்லு. என் கழுத்துல தாலி கட்டப்போறது நீயா, அந்த கேரக்டரா?"

நம்மவர் சுவரில் ஒட்டியிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தார்.

"யார் சிரிச்சாலும் எனக்குக் கவல இல்ல. நான் கட்டிக்கப் போறது உன்ன. பாதி ஆளு படத்துல மாட்டிக்கினு கெடந்தா, மீதி பாதிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? முழுசா வர்றதா இருந்தா மண்டபத்துக்கு வா. இல்லாட்டி வராத."

அவள் போன பிறகு கண்டினியூட்டி ஒரு மணி நேரம் ஒரே ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளை விடவும் முடியவில்லை, கொடுத்த வாக்கை விடவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெண் வீட்டார் ஏற்பாடு செய்த வீடியோக்காரர் ஆல்பம் மாதிரிகளோடு கடைக்கு வந்தார். தோளில் கேமரா பை, கொஞ்சம் நரைத்த தாடி. "மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டபடி உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். ஆல்பம் கையிலிருந்து நழுவியது.

"டைரக்டர் ஸார்!" கண்டினியூட்டி எழுந்த வேகத்தில் ஒரு மோட்டார் உருண்டது. "ஷெட்யூலு போட்டாச்சா? சட்ட கூட ரெடியா கீது ஸார்!"

டைரக்டர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "புரொடியூசர் எப்பவோ கைகழுவிட்டார் ஸார். எடுத்த ஹார்ட் டிஸ்க் எங்க இருக்குன்னே தெரியல. நான் படம் எடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்றதுகூட இல்ல. மறந்துடணும்னு இருக்கேன். இந்த மனுஷன் அத மூஞ்சிலயே வச்சுக்கிட்டு நிக்கிறாரே!"

"செல்வி போட்ட கெடுவுக்குப் பத்தொன்பது நாள் பாக்கி" என்று விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பொய் சொல்லவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. "படம் வரும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாதுங்க. ஆனா உங்க குளோசப்ப நாளைக்குக் காலைல நான் எடுக்கறேன்."

கண்டினியூட்டி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "வர்றது வராதது உங்க டிபார்ட்மென்ட்டு ஸார். கண்டினியூட்டி என் டிபார்ட்மென்ட்டு."

மறுநாள் ஏழு மணிக்கு மாமியின் மொட்டைமாடி செங்கல்பட்டு மாந்தோப்பானது. பக்கத்து வீட்டு மாமரத்தின் ஒரே கிளையைப் பின்னணியில் வைத்து, மெட்ரோ கிரேனை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினார் டைரக்டர். நான் பஞ்சாயத்துத் தலைவர். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று முறைக்க வேண்டும். மூன்று வருஷம் துவைக்காத சட்டை வெளியே வந்ததும் தலைவர் நாலடி தள்ளி நின்று முறைத்தார். வட்டமிட்ட போட்டோவைப் பார்த்து, மாமி அவர் தாடையில் குங்குமத்தால் பரு வைத்தாள்.

முதல் டேக்கில் மாமியின் குக்கர் கூவியது. இரண்டாவதில் "மானம் இங்கதான் கீது" என்றுவிட்டார். மூன்றாவது டேக்கில் மெட்ரோக்காரர்கள் பூமியைத் துளைக்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த முகம்! மூன்று வருஷத்துச் சிரிப்பும் ஏச்சும் அதில் வந்து நின்றன. என்னுடைய முறைப்பு தானாக இறங்கிவிட்டது.

"கட்!" என்றார் டைரக்டர். "ஓகே. ஷாட் ஓகே. உங்க போர்ஷன் முடிஞ்சிருச்சுங்க."

யூனிட் முழுவதும் கை தட்டியது. யூனிட் என்றால் நானும் மாமியும்.

நேரே சலூனுக்குப் போனோம். தகவல் தெரிந்து வந்து, மழித்து முடித்த முகத்தைச் சலூன் வாசலில் நின்று பார்த்த செல்வி, "இவ்ளோ சின்னப் பையனா நீ?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சைதாப்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன். மேடைக்குப் பக்கத்து எல்இடி திரையில் நலங்கு, மாலை மாற்றல் என்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாங்கிளை, அதன் கீழே பாதி மீசையோடு நம்மவர் முகம், சுவர் அளவுக்கு. யாரிடமும் சொல்லாமல் டைரக்டர் செய்த வேலை. துளைக்கும் சத்தத்தை எடுத்துவிட்டதால் படம் ஊமையாக ஓடியது. மண்டபம் முழுக்க விசில் பறந்தது.

மேடையிலிருந்து மாப்பிள்ளை மாலையோடு குதித்தார். பாட்டுக் கச்சேரிக்காரரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார். திரையில் உதடு அசையும் நேரத்துக்குக் கணக்காக, "மசுருதான போச்சு! மானம் இங்கதான் இருக்கு!" என்று முழங்கினார். சைதாப்பேட்டையே எழுந்து நின்றது. ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு நாலு தடவை ஓட்டினார்கள். கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். அவர் படம் வெளியாகிவிட்டது, ஒரே தியேட்டரில், நாலே காட்சி.

வியர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார் கண்டினியூட்டி. "லிப் சிங்க்கு கரீக்டா இருந்திச்சா ஸார்?"

"நூலளவுகூட விலகலப்பா" என்றேன். சும்மாதான் சொன்னேன். முதல் காட்சியிலேயே கண் நிறைந்துவிட்டதால், நாலு காட்சியிலும் எனக்குத் திரை சரியாகத் தெரியவே இல்லை.