ஜன்னலோரத்தில் மணல் மூட்டை

மனிதர்களில் 'தொடாதீர்கள்' என்று ஓர் இனம் உண்டு. விஞ்ஞானிகள் இதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்கப் போயிருந்தால் இந்த இனத்தார் 'அந்தப் பேனாவைத் தள்ளிப் பிடிங்க சார், மை சொட்டிடும்' என்று அவர்களையே விரட்டியிருப்பார்கள். உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியும். எங்கேயாவது களைத்துப்போய் ஒரு தூணில் சாய்ந்திருப்பீர்கள். "சார், கொஞ்சம்..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். திரும்பினால், கையில் மஞ்சள் துணியோடு ஒருவர் நீங்கள் சாய்ந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்திருப்பார். நீங்கள் நகரும் வரை காத்திருப்பாரா? அந்த நாகரிகத்தையெல்லாம் இவர்களிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இந்த இனம் எல்லா ஊரிலும் முளைக்கும். ஆனால் கொழுத்து வளர்வதற்கென்றே அமைந்த இடம் ரயில் அருங்காட்சியகம். ஒரு பழைய சரக்குக் கொட்டகை, தண்டவாளத்தில் நாலைந்து பழங்காலப் பெட்டிகள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பாட்டு டப்பாவோடு வந்து பெயிண்டைச் சுரண்டும் தொண்டர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான், ஆணி பொறுக்குகிற அளவில். யாருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலையில் கிடைக்கிற அதிகாரம் சம்பளம் வாங்குகிற வேலையில் கிடைக்குமா? எங்கள் பாலிஷ்காரரைப் பாருங்கள். முப்பது வருடம் வங்கியில் மேலாளர் வந்தால் எழுந்து நின்றவர். இங்கே அமைச்சரே வந்தாலும், "செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க" என்பார்.

பாலிஷ்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். ஒரு பயணிகள் பெட்டியின் பித்தளைக் கைப்பிடியை ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்ததால் வந்தது. அந்தக் கைப்பிடியில் இப்போது முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பிடித்து ஏற முடியாது, அதற்கு உறை போட்டிருக்கிறார். பெட்டிக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலகை. தொடாதீர்கள். சாயாதீர்கள். உட்காராதீர்கள். 'தும்மாதீர்கள்' என்றும் ஒன்று எழுதினார். நாங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதால் அது மட்டும் மாட்டப்படாமல் கிடக்கிறது.

பார்க்க வருகிறவர்களிடம் அவர் பேசுகிற பேச்சு எனக்கு மனப்பாடம்.

"சார், இந்தப் பெட்டி எதுக்குச் செஞ்சதுங்க?"

"ஜனங்க உட்கார்ந்து போறதுக்கு."

"அப்ப கொஞ்சம் உட்காரலாங்களா?"

"உட்கார்ந்தா வீணாப் போயிடுமே சார்."

கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். பாலிஷ்காரர் அதோடு விடவும் மாட்டார். இறங்கிப் போகிறவரின் முதுகைப் பார்த்து, "ஐம்பது வருஷம் இதுல ஆளுங்களை ஏத்தி ஏத்தியே நாசம் பண்ணி வச்சிருந்தாங்க, சார். நாங்கதான் மீட்டெடுத்தோம்" என்பார். ரயில் பெட்டியைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து மீட்டதாகத்தான் கேட்பவர் நினைத்துக்கொள்வார். பயணிகளிடமிருந்து மீட்டார் என்பது அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

இந்தப் பெட்டியின் இருக்கை உறைகளைத் தைத்தது அவருடைய மனைவி. பச்சைக் கட்டம் போட்ட முரட்டுத் துணி. தையல் மிஷினில் கொடுத்தால் ஊசி ஒடிகிறது. அதனால் ஓரம் முழுவதையும் அந்த அம்மா கையாலேயே தைத்தார். வீட்டில் துணி, கட்டிலில் துணி, சாப்பாட்டு மேஜையில் துணி. விரல் நுனியெல்லாம் பொத்தல். இத்தனைக்கும் அந்த அம்மாளுக்கு ரயில் மேல் பைத்தியம் ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். கல்யாணமான நாளிலிருந்து எந்த ரயிலில் போனாலும் ஜன்னலோரம் பாலிஷ்காரருக்கு. "எதிர்ல வர்ற வண்டி என்ன ரகம்னு பாக்கணும்மா" என்பார். அந்த அம்மா அவருடைய காதுக்குப் பின்னாலிருந்து எட்டித்தான் ஊரெல்லாம் பார்த்திருக்கிறார். துணியைக் கொண்டுவந்து போட்ட அன்று மனிதர் தானாகவே வாய்விட்டுச் சொன்னார்: "இது ஓடுற முதல் நாள், ஜன்னலோரம் உனக்குத்தான்." நாங்கள் எல்லோரும் கேட்டோம். அந்த அம்மா அதை நம்பித்தான் அத்தனையும் தைத்தார்.

அந்த முதல் நாளும் வந்தது. கொட்டகையிலிருந்து பெரிய ஸ்டேஷன் வரை கிளைப்பாதையில் போய்த் திரும்ப வேண்டும். பெட்டியை ஓட்ட அனுமதி தருகிற ஆய்வாளர் ஒரு நிபந்தனை போட்டார். எல்லா இருக்கையிலும் பாரம் இருக்க வேண்டும், அப்போதுதான் பிரேக் சோதனை செல்லும்.

"ஆளுங்களை உட்கார வைங்க, இல்ல மணல் மூட்டை வைங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அடடா, அந்த மனிதர் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். வெளியே தொண்டர்களும் அவர்கள் குடும்பமுமாக, இஸ்திரி போட்ட சட்டையும் புதுப் புடவையுமாக, ஏறத் தயாராக நின்றிருந்தார்கள். பாலிஷ்காரர் அவர்களைப் பார்த்தார். எண்ணெய் வைத்த தலைகளைப் பார்த்தார். வியர்க்கிற முதுகுகளைப் பார்த்தார். பிறகு எங்களை மணல் அள்ளச் சொன்னார்.

மூட்டை ஆடாது, அசையாது, சாக்லேட் தின்னாது, பல் குத்தாது. இதைவிட நல்ல பயணி எங்கே கிடைப்பான்? ஒவ்வொரு மூட்டைக்கும் வெள்ளைத் துணி சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இருக்கையில் இறக்கினார். குடும்பத்தாரெல்லாம் பிளாட்பாரத்தில் நின்று கையசைக்கலாம் என்று அறிவிப்பு. எனக்குக் கழிப்பறை வாசலில் நிற்க இடம் கிடைத்தது. அந்த அம்மா மட்டும், யாரையும் கேட்காமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நேராக ஜன்னலோர இருக்கைக்கு வந்தார். அங்கே ஒரு மூட்டை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"என்னங்க, இது நம்ம வீட்டு பெட்ஷீட்டாச்சே."

"ஆமா. கோணி பட்டா துணி உரசிடும்ல."

"சரி, இதை எடுங்க. நான் உட்காரணும்."

"இப்ப எடுத்தா கணக்கு கெட்டுடும்மா. கொஞ்ச தூரம்தானே, நின்னுட்டு வா."

"நீங்கதானே சொன்னீங்க, முதல் நாள் எனக்குத்தான்னு."

"சொன்னேன். இல்லேங்கல. இன்னிக்குச் சோதனை ஓட்டம். இதை முதல் நாள்னு சொல்ல முடியாது."

அந்த அம்மா குனிந்து மூட்டையைத் தானே நகர்த்தப் பார்த்தார். அசையவில்லை. பாலிஷ்காரர் பதறிப்போய், "பாத்து, பாத்து, தையல் பிரிஞ்சிடும்" என்றார்.

"அந்தத் தையல் நான் போட்டதுங்க" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. வண்டி கிளம்பியது. தான் தைத்த இருக்கையின் பக்கத்தில், கம்பியைப் பிடிக்கக் கூடாது என்பதால் எதையும் பிடிக்காமல், ஆடி ஆடி நின்றுகொண்டு வந்தார். நானாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். நானும்தான் எதிலும் சாயாமல் நின்றேன்.

ஸ்டேஷன் வந்ததும் அந்த அம்மா இறங்கினார். காலில் செருப்பு இல்லை, அது கொட்டகையில் கிடந்தது. வெறுங்காலோடு டிக்கெட் கவுண்டர் பக்கம் போனார். பாலிஷ்காரர் கவனிக்கவில்லை. அவர் ஒரு மூட்டையின் முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

திரும்பி வருகிறபோது, பக்கத்துத் தண்டவாளத்தில் சாதாரணப் பாசஞ்சர் வண்டி ஒன்று எங்களை எட்டிப் பிடித்தது. அழுக்கு வண்டி. வாசலெல்லாம் ஆட்கள் தொங்குகிறார்கள். கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டி ஒட்டி ஓடின. பாலிஷ்காரர் ஆய்வாளரைத் தட்டிக் கூப்பிட்டு, எதிரே ஒரு ஜன்னலைக் காட்டினார்.

"பாத்தீங்களா சார், முழங்கைய எங்க வச்சிருக்காங்கன்னு? இப்படி வச்சி வச்சித்தான் ஜன்னல் விளிம்புல பெயிண்டே நிக்கிறதில்ல. ஜனங்களுக்குப் பொறுப்பே கெடையாது."

ஆய்வாளர் எட்டிப் பார்த்தார்.

"அது உங்க வீட்டம்மா சார்."

அந்த அம்மாதான். முழங்கையை வெளியே நீட்டி, முகத்தில் காற்று அடிக்க, முடியெல்லாம் கலைந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பாலிஷ்காரர் உற்றுப் பார்த்தார். மனுஷன் இப்போதாவது ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்லி வைக்கிறேன், சார்" என்றார்.

பெட்டி சோதனையில் தேறிவிட்டது. மாலை, பூ, கைதட்டல். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் இரண்டாவது பெட்டிக்கு நீலக் கட்டம் போட்ட துணியைக் கொண்டுபோய் வீட்டு மேஜையில் பரப்பியிருக்கிறார். அந்த அம்மா துணியைத் தடவிப் பார்த்தாராம். நல்ல துணி என்றும் சொன்னாராம். பிறகு மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, "யாரு உட்காரப் போறாங்களோ அவங்களையே தைக்கச் சொல்லுங்க" என்றாராம். இதைப் பாலிஷ்காரரே எங்களிடம் வந்து சொன்னார், அந்த அம்மாளுக்குக் கலையார்வம் குறைந்துவிட்டது என்பதற்கு ஆதாரமாக. அந்த அம்மா இப்போது ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு பாசஞ்சரில் ஏறி எங்கேயாவது போய்வருகிறார். இரண்டாவது பெட்டி இன்றைக்கும் இருக்கைக்கு உறையில்லாமல், எலும்பும் ஸ்பிரிங் சுருளுமாக நிற்கிறது. அதில் 'உட்காராதீர்கள்' பலகைக்கு அவசியமே இல்லை; ஆனாலும் மாட்டியிருக்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சந்தேகம். இந்தப் புத்தகத்தை ஏன் இப்படிப் பாதியளவுக்கு மட்டும் திறந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிறீர்கள்? புத்தகத்தின் முதுகு மடங்கிவிடும் என்றுதானே? மேலுறையைக் கூடக் கழற்றிப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். சற்று முன்னால் உங்கள் வீட்டில் ஒருவர் வந்து, "படிச்சிட்டுத் தரேன், குடுங்களேன்" என்று கேட்டாரே, அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அவர் எழுந்து வெளியே போய் நேரமாகிறது. எங்கே போனார் என்று பார்த்தீர்களா?