பயிற்சிக்கு மட்டும்

பேராசிரியர் அந்த ஐநூறு நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று தடவை பார்த்தார்.

“நிஜ நோட்டும்மா இது!”

“அதான் சார் நானும் அசந்துபோனேன். நடிக்க அனுப்பின ஆளுக்கு நிஜப் பணத்தையே குடுத்து அனுப்பியிருக்கீங்களேன்னு...”

“நான் யாரையும் அனுப்பலையே!”

மேனேஜர் நோட்டைப் பிடுங்கித் தானும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மேனேஜர் என்றால், வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ‘புத்தகம் படிச்சு நீச்சல் வருமா? பணமும் அப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லியே, கல்லூரியின் தெருப்பக்க அறையில் பேராசிரியர் ஒரு பயிற்சி வங்கியைத் திறந்திருந்தார். கண்ணாடித் தடுப்பு, ரப்பர் ஸ்டாம்ப், அச்சடித்த விளையாட்டு நோட்டு எல்லாம் இருந்தன. வாடிக்கையாளர்தான் இல்லை. மாணவர்களே மாறிமாறி வந்து பணம் போட்டு எடுத்து அலுத்துப்போயிருந்தார்கள்.

அன்று காலை வெளியாள் ஒருவர் வந்து பணம் போடும் பாரம் கேட்டதும், எல்லாம் சாரின் ஏற்பாடு என்று மேனேஜர் நினைத்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் பாரத்தை நிரப்பினார் அவர். என்ன நடிப்பு என்று மனதுக்குள் கைகூடத் தட்டினாள்.

“ஸ்டாம்ப் மை காயறதுக்குள்ள திருப்பிக் குடுத்துட்டு வா. அனுமதி இல்லாம டெபாசிட் வாங்கினா கம்பி எண்ணணும்.”

“யாரு சார் எண்ணணும்?”

“மேனேஜர்தான்.”

பாரத்தில் முகவரி இருந்தது. அடுத்த தெரு சலவைக்கடை. கடைக்காரர் ஒரு சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உங்க பணம். சின்னத் தப்பு நடந்துபோச்சு.”

“இன்னிக்கு வாங்க முடியாதும்மா.”

“ஏன்?”

“இன்னிக்குத்தானே போட்டேன்? நாளன்னைக்குத்தான் எடுக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஆளுக்கு வட்டி ஆசை என்று மேனேஜர் முடிவு செய்தாள். பஸ்ஸுக்கு வைத்திருந்த இருபதை எடுத்து நீட்டினாள். “இந்தாங்க வட்டி. இதோட அசலையும் சேர்த்து வாங்கிக்குங்க.”

அவர் இருபதை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இதுக்கு எங்க கையெழுத்துப் போடணும்?” என்றார் ஆசையாக.

மேனேஜர் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனாள்.

மறுநாள் காலை பயிற்சி வங்கியின் வாசலில் ஏழு பேர். முன்னால் நின்ற தையல்கார அக்கா, “சலவைக்கடை அண்ணனுக்கு ஒரே நாள்ல வட்டி குடுத்தீங்களாமே!” என்றார்.

பேராசிரியர் மேனேஜரின் காதைக் கடித்தார். “முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. விஷயம் பிரின்சிபால் வரைக்கும் போகும். ஏதாவது சட்டம் பேசி விரட்டு.”

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “கணக்கு தொடங்கணும்னா ஆளுக்கு மூணு பாரம். ஒவ்வொண்ணுலயும் நாலு கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இருந்தாலும் மறுபடி முதல்லேர்ந்து.”

வேறு எந்த வங்கியாக இருந்தாலும் வாசல் காலியாகியிருக்கும். இங்கே ஏழு முகங்களும் மலர்ந்தன. “மூணு பாரமா!” என்று பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். மூன்றையும் முடித்த மீன்காரம்மா கண்ணாடித் தடுப்பைத் தட்டி, “இன்னும் ரெண்டு கிடைக்குமா, பாப்பா?” என்றார்.

மதியத்துக்குள் பெட்டியில் நாலாயிரத்து முந்நூறு சேர்ந்துவிட்டது. மேனேஜர் ஐந்து தடவை எண்ணினாள். கணக்கு சில்லறை பிசகாமல் நின்றபோது, ஜெயிலை மறந்து நாற்காலியை விட்டு ஒரு துள்ளு துள்ளினாள். பிறகு ‘செய்து கற்றல்: என் அனுபவம்’ என்ற நோட்டைத் திறந்து எழுதினாள்:

‘விளையாட்டு நோட்டை எண்ணும்போது தப்பினால் சிரிப்பு வரும். நிஜ நோட்டை எண்ணும்போது தப்பினால் வியர்வை வரும். இரண்டு வருடம் படித்தும் புரியாத வட்டி இரண்டே நாளில் புரிந்தது. குறிப்பாக, அது யார் பையிலிருந்து போகிறது என்பது.’

மூன்றாம் நாள் பேராசிரியர் தன் மூளையைப் பயன்படுத்தினார். வெளியே ‘வங்கி மூடப்பட்டது’ என்று அட்டை மாட்டிவிட்டு, கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். பணத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

பத்து மணிக்குக் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

“திறங்க! பணம் எடுக்கணும்!”

“இன்னிக்கே எடுக்கணும்! நாளைக்கு ஆகாது!”

“போச்சு, வங்கி முழுகிட்டதா வதந்தி பரவிடுச்சு” என்று பேராசிரியர் மேஜைக்கு அடியில் கைக்குட்டையைத் தேடினார்.

“சார், எடுக்கணும்னுதானே கேக்கறாங்க? குடுத்துட்டா முடிஞ்சுது!” மேனேஜர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள்.

சலவைக்கடைக்காரரோடு சேர்த்து எட்டுப் பேரும் வரிசையில் நின்று பாரம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை.

“வட்டி?” என்றார் தையல்கார அக்கா. “அண்ணனுக்கு மட்டும்தானா?”

மேனேஜர் பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். பிறகு தன் பர்ஸைத் திறந்து, மதியச் சாப்பாட்டுக் காசிலிருந்து ஆரம்பித்து, தலைக்கு இருபது வீதம் ஏழு பேருக்கும் கொடுத்தார். சிரித்த முகமாக ஒவ்வொருவராய்ப் போனார்கள்.

கடைசியில் மீன்காரம்மா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, நோட்டுகளை அழகாக மடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியருக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் போய்க் கைகூப்பினார்.

“அம்மா, எங்களை மன்னிச்சிடுங்க. இது நிஜ பேங்க் இல்ல. இவங்கெல்லாம் படிக்கிற பிள்ளைங்க, செஞ்சு பாத்துப் பழகுறாங்க.”

“அது தெரியாமலா சார்? நிஜ பேங்குக்குப் போறதுக்கு முன்னாடி இங்க போய்ப் பழகிட்டு வாங்கன்னு எங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்கற சாயங்கால வகுப்பு டீச்சர்தான் எல்லாரையும் அனுப்பினாங்க. போடுற பாடமும் எடுக்குற பாடமும் முடிஞ்சுது, நாளைக்குக் கடன் வாங்குற பாடம்!”