மேற்கு மூலை வாகை மரங்களை வெட்டாத விவரம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நாலு ஆடுகளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் உன் தொப்பையும் சௌக்கியமா என்பதை மறக்காமல் எழுதவும்.

உன் கடிதம் கிடைத்தது. நம் இரண்டு பேர் பேரிலும் இருக்கிற நிலத்தில் மேற்கு மூலை வாகை மரங்கள் நெருக்கியடித்து நின்று சோளத்துக்கு வெயில் விடுவதில்லை, அறுப்புக்குள் அவற்றை வெட்டாவிட்டால் நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறாய். "கேட்டீங்களா, உங்க மச்சினன் பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்று அத்தானிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். தூக்கத்தில் வந்த ம்.

நெருக்கத்துக்குக் காரணமே அவர்தான், உனக்குத் தெரியாததா. பத்து வருஷத்துக்கு முன்னால் விவசாய ஆபீசர் வந்து, சோளத்துக்கு நடுவே வரிசையாக வாகை வையுங்கள், ஐந்து எட்டு நடந்து ஒரு கன்று என்றார். காலையில் கிழக்கே அத்தான் போட்டது குதிரை எட்டு. சாப்பிட்டுவிட்டு வந்து மேற்கே போட்டது தூக்கக் கலக்கத்து எட்டு. அதனால்தான் அந்த மூலைக்கே 'சாப்பாட்டு மூலை' என்று பேர் வைத்து எல்லோரும் அவரைக் கிண்டல் பண்ணுகிறார்கள்.

சரி, தம்பி சொல்லைத் தட்டக் கூடாது என்று மரம் வெட்டுகிறவரை வரச் சொன்னேன். நான் ஒரு தடையும் செய்யவில்லை, அதைக் கவனி. முதல் நாள் வந்தவர் ரம்பத்துக்குக் கூர் தீட்ட நிழலில் உட்கார்ந்தார். மேலே காய்ந்த நெற்றெல்லாம் காற்றில் கலகலவென்று ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. கையில் அரம் பிடித்தபடியே தூங்கிப்போனார். எழுந்தபோது பொழுது சாய்ந்து, வாகை இலையெல்லாம் ஜோடி ஜோடியாக மடங்கிவிட்டது. அண்ணாந்து பார்த்தவர், "அக்கா, மரமே தூங்கிடுச்சே. தூங்குறதைப் போய் எப்படி வெட்டுறது? நாளைக்கு வர்றேன்" என்று போய்விட்டார். ரம்பம் கிளையிலேயே தொங்கியது.

மறுநாள் வேர் எங்கே ஓடுகிறது என்று தோண்டினார். "என்னக்கா இது, மண்ணு மாவு மாதிரி உதிருது?" என்றார். பத்து வருஷ இலை விழுந்து மக்கினால் உதிராதா என்றேன். போன புயலில் அக்கம்பக்கத்துச் சோளமெல்லாம் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. நம்முடையது கொஞ்சம் சாய்ந்து, யோசித்து, பிறகு எழுந்து நின்றதைச் சொன்னேன். கோடையிலும் கிணற்றில் வாளி முங்குவதைச் சொன்னேன். ஆடுகளுக்குத் தழை, அடுப்புக்குச் சுள்ளி. உன் கணக்கும் பொய்யில்லை, மூலையில் இரண்டு வரிசை சோளம் தேறாது. அங்கே இஞ்சி போட்டிருக்கிறேன், நிழலென்றால் அதற்கு உயிர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்புறம் பார்த்தால் அது தலையாட்டல் இல்லை, தூங்கி வழிந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் நீ ஏற்பாடு பண்ணின சர்வேயர் வந்துவிட்டார். சங்கிலி பிடித்துக் கிழக்கிலிருந்து அளந்துகொண்டே வந்தவர், சாப்பாட்டு மூலையில் குறித்துக்கொள்ள உட்கார்ந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார், அவ்வளவுதான். இந்தப் பக்கம் ரம்பக்காரர், அந்தப் பக்கம் சங்கிலிக்காரர், நடுவில் உன் அத்தான், மூன்று பேரும் மூன்று சுருதியில் குறட்டை. பார்க்கப் பார்க்க எனக்கும் கண் சொருகியது. மண்ணுக்குள்ளே எனக்குக் கண் தெரிகிற மாதிரி இருந்தது, தம்பி. உன் பங்கு வேரும் என் பங்கு வேரும் யார் யாருடையது என்று கேட்காமல் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, ஒரே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. மேலே வெயில் சல்லடையில் சலித்த மாதிரி விழுந்தது.

சர்வேயர் எழுந்து, "எல்லைக்கல்லை எங்கம்மா நடுறது? தோண்டின இடமெல்லாம் வேரா இருக்கே" என்றார். "என் தம்பியைக் கேளுங்க, நான் குறுக்கே நிக்கல" என்றேன். வெட்டுவதோ பிரிப்பதோ, முடிவு உன்னுடையது.

உன் வீடு நெற்றுக் குலுங்கின மாதிரி எப்போதும் சிரிப்புச் சத்தத்தோடு இருக்கட்டும். உன் பெண்டாட்டிக்கு என் ஆசி, உனக்குத் தலையில் ஒரு செல்லக் குட்டு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: அத்தானின் எட்டைப் பற்றி மேலே எழுதியது பொய். அவர் மேற்கேயும் ஒழுங்காகத்தான் எட்டுப் போட்டார். அதே வருஷம் வேலை கிடைத்துக் கிளம்பின அன்று, நீ ஆசையாக வாங்கி வைத்திருந்த இருபது வாகைக் கன்றைக் கிணற்றடியில் விட்டுவிட்டு, "இனிமே எனக்கு எதுக்குக்கா, தூக்கிப் போட்டுடு" என்று பஸ் ஏறினாயே. எனக்குத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அவர் தூங்கும்போது மேற்கே இடைக்கு இடை நானே நட்டுவிட்டேன். பத்து வருஷமாக மனுஷன் அந்தப் பேரைச் சுமக்கிறார், காட்டிக்கொடுத்துவிடாதே. வந்தவர்களுக்குத் தலையணை கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். ஆக, நீ வெட்டச் சொல்வது உன் கன்றுகளை. எது உன்னுடையது என்று எனக்கே இப்போது அடையாளம் தெரியவில்லை, நீயே வந்து காட்டு. ரம்பம் கிளையில்தான் தொங்குகிறது. பக்கத்தில் உனக்கும் ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறேன்.