சம்மதச் சட்டம்

கணக்கெடுப்பு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் நம்மவர், ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டுப் புது ஆளாக வீடு திரும்பினார். "ஒருவருடைய தகவல் அவருக்கே சொந்தம், அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தரக்கூடாது" என்று அங்கே சொன்னது அவர் வயிற்றில் பாலை வார்த்திருந்தது.

காரணம், மனைவி. கார் ஓட்டும் தேர்வில் அவர் மூன்றாம் முறையாகக் கோட்டைவிட்ட செய்தி, அவர் படியேறி வருவதற்குள் மேல்மாடி நர்ஸ் வரை போயிருந்தது. தேர்வு அதிகாரியின் சைக்கிள் மேல் காரை ஏற்றியதோடு சேர்த்து! கீழ்வீட்டுத் தையல்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "சார், சைக்கிள் பிழைச்சுதா?" என்று துக்கம் விசாரித்தார். அடுத்த தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை மானம் கப்பலேறினால் மனிதர் தாங்கமாட்டார்.

"இனிமே இந்த வீட்டுல ஜனநாயகம்! யாரைப் பத்தியும் அவங்க சம்மதம் இல்லாம வெளியில மூச்சு விடக்கூடாது. ஓட்டெடுப்பு!"

"சட்டம் எல்லாருக்கும் பொதுதானே?" என்றாள் மனைவி.

"பின்னே? ராஜாவும் நான் இல்லை, ராணியும் நீ இல்லை."

முதலில் கை தூக்கியது அவள்தான். மகள் இரண்டு கையையும் தூக்கினாள். அதில் ஒரு கை செல்லாது என்று நம்மவர் தீர்ப்புச் சொல்ல, சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றெல்லாம் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வு நாளும் வந்தது. நம்பமாட்டீர்கள், நம்மவர் பாஸ்! அதிகாரி சைக்கிளை முன்கூட்டியே அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார் என்பது வேறு விஷயம்.

படியிலேயே தையல்காரரைப் பிடித்தார். "பாஸாயிட்டேன்!"

"அப்படியா சார்? உங்க வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையே?"

நர்ஸும் அதையேதான் கேட்டாள். அவர் வாயால் சொன்னால் ஒருவரும் நம்பத் தயாராயில்லை. வீட்டுக்குள் பாய்ந்தார்.

"ஏம்மா, சம்மதம் தர்றேன். நான் பாஸ்னு எல்லாருக்கும் சொல்லு!"

"நாலாவது தடவைங்கறதையும் சேர்த்துத்தானே?"

"அது எதுக்கு?"

"பாதித் தகவல் குடுத்து ஜனங்களை ஏமாத்தலாமாங்க? அப்புறம் ஜனநாயகம் என்னத்துக்கு ஆகும்?"

"சொல்லு."

"சைக்கிள்?"

"சொல்லித் தொலை!"

அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் வாசலில் கூட்டம். நம்மவருக்கு உச்சி குளிர்ந்தது. எல்லாரும் பார்க்க, இத்தனை நாள் உறை போட்டு மூடி வைத்திருந்த பழைய காரை ஓட்டிக் காட்டக் கிளம்பினார். உறையை உருவினார். மாப்பிள்ளை மிடுக்கோடு உள்ளே உட்கார்ந்தார்.

முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன. சீட்டை யாரோ நன்றாக முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள்.

"யார் என் காரை எடுத்தது?"

தையல்காரர் வானத்தைப் பார்த்தார். மகள் செருப்பைப் பார்த்தாள். மனைவி மட்டும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சாவகாசமாக நின்றாள். நர்ஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் மனைவி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, போன மாசம் நீங்க முதல் தடவையிலேயே பாஸானதை அண்ணனுக்கும் சொல்லச் சம்மதமா? இந்தத் தெருவுல அவர் ஒருத்தர்தான் பாக்கி."