குஞ்சிதத்தின் அழிப்புச் சான்றிதழ்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது ராஜாவாகவும் இருந்தது. அதோடு அதன் வேலை முடிந்தது, இந்தக் கதைக்கு இனி அது வேண்டாம். காட்டு விஷயமெல்லாம் ராஜாவைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருந்தது குஞ்சிதம் என்ற முள்ளம்பன்றிதான். கல்யாணத் தரகு அவள் தொழில். இருபது வருஷமாக அவள் தலையீடு இல்லாமல் அந்தக் காட்டில் ஒரு தாம்பூலம்கூட மாறியதில்லை.

அவளிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் இரண்டே ஃபோல்டர்கள். ஒன்றின் பெயர் ‘காட்டுவது’, மற்றதன் பெயர் ‘உள்ளது’. ‘காட்டுவது’ என்பதில் எல்லா மாப்பிள்ளைக்கும் சொந்த வளை, நிரந்தர வேலை, தங்கமான குணம். ‘உள்ளது’ என்பதில்தான் சங்கதியே இருந்தது. மயிலின் தோகையில் பாதி ஒட்டுவேலை. குயில் வீட்டுப் பெண் பாடுவதாகச் சொன்னது அக்கா பாடிய ரெக்கார்டு. மான் வீட்டுப் பையனுக்கு ஏற்கெனவே இரண்டு நிச்சயதார்த்தம் நின்றுபோயிருக்கிறது.

பொய் சொல்கிறவள் உண்மையை எதற்கு எழுதி வைத்தாள் என்று கேட்பீர்கள். தொழில் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். எந்த வீட்டில் எதை மறைத்தோம் என்று பிசகாமல் இருக்க வேண்டுமென்றால், மறைத்ததை எங்கேயாவது குறித்து வைத்தே ஆக வேண்டும்.

அந்த ‘உள்ளது’ ஃபோல்டரின் முதல் பக்கம் அவளுடையதே. அவள் கை வைத்த முதல் ஜாதகம் அவள் ஜாதகம்தான். புருஷன் தணிகாசலத்தைவிட அவள் மூன்று வயது மூத்தவள். காகிதத்தில் இரண்டு வயது இளையவளாகிக் கழுத்தை நீட்டிவிட்டாள். தணிகாசலம் நல்ல மனுஷர், அதாவது நல்ல முள்ளம்பன்றி. ஆனால் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், “உன்னைவிட வயசுல மூத்தவன் சொல்றேன், கேளு” என்று முடிப்பார். அவருக்கு வீட்டில் இருந்த மரியாதையே அந்த ஒன்றுதான். அது பொய் என்று தெரிந்தால் அவர் உடைந்துபோவார் என்பது குஞ்சிதத்துக்குத் தெரியும். தன்னை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது.

கம்ப்யூட்டருக்கும் வயதாயிற்று. காலையில் ஆன் செய்தால் மத்தியானம் முழித்துக்கொண்டது. புதிது வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, இரண்டு பூட்டுப் போட்டுக்கொண்டாள் குஞ்சிதம். பழையதைக் காயலான் கடைக் கழுதைப்புலியிடம் தள்ளிவிட நினைத்தபோதுதான் சிறுத்தையின் ஞாபகம் வந்தது. போன மாசம் சிறுத்தை தன் கம்ப்யூட்டரை அப்படியே போட்டுவிட்டார். அவர் தயிர்சாதம் சாப்பிடுகிற படங்கள் மறுநாளே காடு முழுக்கப் பரவிவிட்டன. இப்போது அவரைக் கண்டால் முயல்குட்டிகூட வழிவிடுவதில்லை.

குஞ்சிதம் ‘உள்ளது’ ஃபோல்டரை டெலீட் செய்தாள், குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். இருந்தும் மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் மரங்கொத்தியைக் கூப்பிட்டாள்.

“நீங்க வாசல்ல இருந்த பேர்ப்பலகையை மட்டும் கழட்டியிருக்கீங்க அக்கா. குடியிருக்கிறவன் உள்ளேயே கால்நீட்டிப் படுத்திருக்கான்” என்றார் மரங்கொத்தி.

“காலி பண்ணு தம்பி, சீக்கிரம் காலி பண்ணு.”

அவர் மூன்று முறை டிஸ்க் முழுவதும் வெறும் பூஜ்யமாக எழுதி அழித்தார். பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் சொந்த அலகால் பதினான்கு ஓட்டை போட்டார். சல்லடையாகிப்போன டிஸ்க்கைப் பார்த்து இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் குஞ்சிதம் நிம்மதியாக மூச்சு விட்டாள். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். காட்டில் சர்க்கார் என்று ஒன்று இருந்ததால் முடியவில்லை.

“சர்ட்டிபிகேட் இருக்காம்மா?” என்று கேட்டார் கழுதைப்புலி.

“என்ன சர்ட்டிபிகேட்?”

“தகவல் அழிப்புச் சான்றிதழ். சிறுத்தை சமாச்சாரத்துக்கு அப்புறம் புது உத்தரவு. அது இல்லாம தொட்டா என் கடைக்கு சீல் வெச்சிடுவாங்க.”

அழிப்பு அலுவலகம் ஆலமரத்தடியில் இருந்தது. வரிசை ஆற்றங்கரை வரை இருந்தது. சீட்டில் உடும்பு உட்கார்ந்திருந்தார். விதியைப் பிடித்தால் விடமாட்டார், அதனாலேயே வேலை கிடைத்தவர். குஞ்சிதம் டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“ஓட்டையைக் காட்டாதீங்க. படிவம் எங்கே?” என்றார் உடும்பு.

படிவத்தின் ஏழாவது கேள்வி, ‘அழிக்கப்பட்ட தகவல்கள் யாவை? விவரம் தருக.’ குஞ்சிதம் ‘சொந்த விஷயம்’ என்று எழுதியிருந்தாள்.

உடும்பு அதைச் சிவப்பு மையால் சுழித்தார். “சொந்த விஷயம்னா என்ன விஷயம்? அழிச்சது எதுன்னு தெரியாம, அழிச்சாச்சுன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அழிச்சதுல ஒரு நகல் கொண்டாங்க. மூணு செட். ஒவ்வொரு பக்கத்துலயும் ‘உண்மை நகல்’னு எழுதி நீங்களே கையெழுத்துப் போடணும்.”

“ஐயா, யாரும் பார்க்கக்கூடாதுன்னுதானே அழிச்சேன்?”

“யார் பார்க்கப் போறா? இது ஆபீஸ். இங்க யாரும் எதையும் படிக்கிறதில்லை.”

‘காட்டுவது’ ஃபோல்டரைக் கொடுத்துச் சமாளித்துவிடலாமா என்று குஞ்சிதம் ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் படிவத்தின் அடியில், தவறான தகவல் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சம்பந்தி வீட்டில் பொய் சொல்வது தொழில், சர்க்காரிடம் பொய் சொல்வது குற்றம் என்ற நாணயம் அவளுக்கு இருந்தது. வீட்டுக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டரிலிருந்து ‘உள்ளது’ முழுவதையும் பிரிண்ட் எடுத்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று செட். எல்லாவற்றிலும் ‘உண்மை நகல், இப்படிக்கு குஞ்சிதம்’ என்று கை வலிக்கக் கையெழுத்துப் போட்டாள்.

உடும்பு எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். “ஒண்ணு எனக்கு, ஒண்ணு மேலிடத்துக்கு.”

“மூணாவது?”

“மூணாவது எதுக்குன்னு இன்னும் உத்தரவு வரலை. பதினஞ்சு நாள்ல சான்றிதழ் தபால்ல வரும், போங்க.”

உத்தரவு வரும்வரை மூன்றாவது செட்டை வைக்க அலுவலகத்தில் இடம் இருக்கவில்லை. இடமில்லாத காகிதத்துக்கு எல்லா அலுவலகத்திலும் ஒரு வழி உண்டு. அந்த வாரமே அது எடைக்குப் போனது. எடைக்குப் போனது கரடியின் வடைக்கடைக்குப் போனது.

பதினைந்தாம் நாள் சாயங்காலம், சொன்னபடியே சான்றிதழ் வந்து சேர்ந்தது. குஞ்சிதம் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் தணிகாசலம் நிற்கிறார். ஒரு கையில் மசால்வடை. இன்னொரு கையில் அது சுற்றி வந்த தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“குஞ்சிதம், இதுல உன் பேரும் என் பேரும் போட்டு, நீ என்னைவிட மூணு வருஷம் மூத்தவள்னு எழுதியிருக்கே?”

குஞ்சிதத்தின் முட்கள் அத்தனையும் நட்டுக்கொண்டன. வேறு யாரோ குஞ்சிதம் என்று சொல்லலாம் என்று பார்த்தால், அடியில் அவள் கையெழுத்தே ‘உண்மை நகல்’ என்று பல்லிளித்தது. இருபது வருஷ வாழ்க்கை எண்ணெய் வழிய எதிரே நின்றது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாமி படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் சான்றிதழ் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்து நீட்டினாள். “முதல்ல இதைப் படிங்க.”

தணிகாசலம் வாய்விட்டுப் படித்தார். “மேற்படி மனுதாரரின் தகவல்கள் யாவும் மீட்க இயலாதவாறு அழிக்கப்பட்டுவிட்டன என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.”

“புரியுதா? நீங்க கையில வெச்சிருக்கீங்களே, அது இல்லைங்க.”

“இல்லையா? கையில இருக்கே!”

“கையில இருந்தா ஆச்சா? சீல் எதுல இருக்கு? பச்சை மைக் கையெழுத்து எதுல இருக்கு? அழிச்சாச்சுன்னு சர்க்கார் சொன்னதை நீங்க வெச்சிருக்கீங்கன்னு வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?”

தணிகாசலம் வாசலை எட்டிப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார், மேடாகத்தான் இருந்தது. எண்ணெய்த் தாளை இன்னொரு முறை பார்த்தார். ரொம்ப நேரம் மனைவியின் முகத்தையும் பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்து, வடையோடு சேர்த்து மென்று விழுங்கினார்.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்றார்.

குஞ்சிதத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வருத்தமும் வந்தது. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா இருபது வருஷம் பயந்து செத்தோம் என்று இருந்தது.

மறுநாள் காலை அவள் வீட்டு வாசலில் வரிசை நின்றது. மயில், குயில், மான் என்று எல்லாரும் ஆளுக்கொரு எண்ணெய்த் தாளோடு நின்றார்கள். தரகுக்காரியின் முட்களைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று குஞ்சிதம் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

முன்னால் நின்ற மயில், பாதித் தோகையைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சியது. “அக்கா, வெள்ளிக்கிழமை எனக்கு முகூர்த்தம். பொண்ணு வீட்டுல காட்டணும். நீங்க அழிப்பு ஆபீஸ்ல வாங்கின அந்த சான்றிதழ்ல எனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துடுங்களேன்.”

நீதி: உண்மையை அழிக்க யாராலும் முடியாது. அழித்தாகிவிட்டது என்று முத்திரை குத்திய தாள் கையில் இருந்தால், அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.