எண்பத்தெட்டு வரிக் கோப்பும் என் கறிக்குழம்பும்

கோங் ஆசான் வருகிறார் என்றால் நெய்ஹூ வட்டாரத்தில் எங்கள் அலுவலகக் கட்டடத்து மின்தூக்கி ஏழாம் மாடியைத் தாண்டாது. அவ்வளவு பேரும் அங்கேயே இறங்குவார்கள். ஒன்பதாம் மாடிக் காப்பீட்டுக்காரர்கள், ஐந்தாம் மாடி விளையாட்டுச் செயலிக்காரர்கள், கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்த மூன்றாம் மாடிப் பல் மருத்துவர். எல்லார் கையிலும் சிவப்புத் தாள். தாளில் ஜாதகம். பிள்ளைகளின் ஜாதகம் இல்லை, கண்ணுகளா. சர்வர்களின் ஜாதகம். எந்த நாள், எந்த நேரத்தில் அந்த இயந்திரம் முதன்முதலாக உயிர்பெற்றது என்று எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

படித்தவர்கள்தான். பாதிப் பேர் முதுகலை. அந்தக் கட்டடத்தில் பதினேழு வருஷம் தரை துடைத்தவள் நான். அவர்களின் பட்டங்களை அவர்கள் மேசைக்கு மேலே மாட்டியிருந்த சட்டத்தோடு துடைத்திருக்கிறேன்.

ஆசானின் தொழில் என்ன என்று கேட்பீர்கள். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் கெர்னல் என்று ஒரு நிர்வாகி உண்டு. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், யாருக்கு எவ்வளவு இடம், வாசலில் எத்தனை பேர் வரிசையில் நிற்கலாம், யாரை உள்ளே விடக்கூடாது, எல்லாம் அந்த நிர்வாகியின் கணக்கு. அந்தக் கணக்குகளைக் கூட்டிக் குறைக்கலாம். தெரிந்து செய்தால் இயந்திரம் நன்றாக ஓடும். நல்ல வித்தைதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆசான் தெரிந்து செய்யவில்லை. எட்டாகச் செய்தார், எட்டு எங்களுக்கு ராசியான எண் என்பதால். எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி கிடையாது. மூன்றுக்கு மேல் ஐந்துதான். நாலு ஆகாத எண் என்று மாடியையே விழுங்கிய ஊரில், கெர்னலில் மட்டும் நாலு இருக்கலாமா? 4096 என்று இருந்ததை அவர் 8096 ஆக்கினார். எண்பத்தெட்டு வரியில் ஒரு கோப்பு வைத்திருந்தார். ஒரு வரியிலும் நாலு கிடையாது. அதைத் திறந்து பார்க்கக்கூடாது, பார்த்தால் சக்தி கலைந்துவிடும் என்பது அவர் வகுத்த சட்டம். மிகவும் வசதியான சட்டம்.

சடங்கு இதுதான். மூன்று ஊதுபத்தி. சர்வர் தலையில் புதிய பச்சைப் பொட்டலச் சோளப் பொரி ஒன்று. இயந்திரம் சமர்த்தாக இருக்கட்டும் என்று வைப்பது, எங்கள் ஊர் வழக்கம், அவர் கண்டுபிடித்ததில்லை. பச்சையாக இருக்கவேண்டும், தேதி தாண்டக்கூடாது, யாரும் தின்னக்கூடாது. வைத்தால் வைத்துவிட்டுப் போங்கள், பொரி யாரையும் வேலையைவிட்டுத் தூக்காது. பிறகு ஆசான் இயந்திரத்தை அணைத்துத் திரும்ப எழுப்புவார். அதற்கு அவர் வைத்த பெயர் ஸ்நானம். எழுந்ததும் கண்ணை மூடி ஒரே கட்டளையைத் தட்டுவார். கோப்பு உள்ளே ஏறும். பதினொரு நொடி இழுத்துக்கொண்டிருந்த இணையப் பக்கம் அரை நொடியில் திறக்கும். கூட்டம் பெருமூச்சு விடும். பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பத்து நாளில் திரும்பவும் இழுக்கும். திரும்பவும் ஆசான்.

ஏழாம் மாடி நிறுவனத்தின் வேலை, ஊரிலுள்ள சின்ன மருத்துவமனைகளுக்கு நோயாளிகளின் முன்பதிவு வாங்கித் தருவது. பக்கம் இழுத்தால் கிழங்கள் எல்லாம் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கும். அதனால் ஏன் பத்து நாளுக்கு மேல் தாங்கவில்லை என்று மேலாளர் லாய் ஒருநாள் ஆசானையே கேட்டுவிட்டார். ஆசான் அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தனியாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள் பெய்யூ, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டார். எங்கள் பன்னிரண்டு மிருக வருஷங்களில் புலி வருஷம் என்றாள்.

தீர்ந்தது. கெர்னல் புலிக்குப் பயப்படுகிறதாம். கடை, அலுவலகமெல்லாம் படையல் வைக்கிற சந்திர மாதம் பதினாறாம் நாள் பூசை முடிந்ததும் பெய்யூவைத் தாவ்யுவான் கிடங்குக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அங்கே விசைப்பலகைப் பெட்டி பிரிக்கும் வேலை. எட்டு வருஷம் படித்ததற்கு அட்டைப்பெட்டி.

அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடிக்கணினியைத் திறந்து, "சித்தி, உங்க பன்றிக்கறிக் குழம்புக்கு என்னென்ன போடுவீங்க? அளவோட சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். ஒவ்வொன்றையும் பெயர், சமக்குறி, எண் என்று தட்டிக்கொண்டே வந்தாள். இருபத்திரண்டு வரியில் குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. எண்பத்தெட்டு வேண்டுமே என்றாள். மீதிக்கு என் மாமியாரைப் பற்றி எனக்கு இருந்த கருத்துகளைச் சொன்னேன். தாராளமாகவே வந்தது.

பதினாறாம் நாள் பிற்பகல். வாசலில் பழமும் பிஸ்கட்டும் வைத்துப் படையல் முடிந்து, கூட்டம் சர்வர் அறை முன்னால் நெருக்கியது. மேலாளர் லாய் கையில் பெய்யூ ஒரு சிவப்பு உறையைக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபிறகு திறக்கும்படி கேட்டுக்கொண்டாள். போகிற பெண் நன்றி சொல்லி எழுதியிருப்பாள் என்று நினைத்து அவர் பையில் வைத்துக்கொண்டார்.

ஊதுபத்தி. பொரி. ஸ்நானம். கண்ணை மூடி ஒரு கட்டளை. பக்கம் அரை நொடியில் திறந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"ஆசானே, கோப்பு முழுசா ஏறிடுச்சான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் பெய்யூ, பணிவாகத்தான்.

ஆசான் இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். "கை சொல்லும்மா. எண்பத்தெட்டு வரியும் உள்ள இறங்கி உட்கார்ந்திருக்கு. புலி கிளம்பப் போகுதுன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு. எப்படி ஓடுது பாரு."

"உங்க கோப்புதான்னு உறுதியா?"

"பெத்தவனுக்குப் பிள்ளையத் தெரியாதா?"

அப்போது பெய்யூ மேலாளரைப் பார்த்தாள். நேற்று மாலையிலிருந்து அந்தக் கோப்பில் இருப்பது உறையில் இருக்கிறது, சத்தமாகப் படியுங்கள் என்றாள். லாய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பன்றி வயிற்றுக்கறி சமம் அறுநூறு. சோயா சாறு கரண்டி சமம் ஐந்து. நட்சத்திர சோம்பு சமம் இரண்டு." நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைவிதியே என்று தொடர்ந்தார். "அடுப்பில் நிமிஷம் சமம் தொண்ணூறு. மாமியார் பொறுமை சமம் பூஜ்யம். மாமியார் குறட்டை சமம் எண்ணாயிரம்."

பெய்யூ திரையில் கோப்பைத் திறந்து காட்டினாள். வரிக்கு வரி அதே. பல் மருத்துவர் வாயைத் திறந்தார். பிறர் வாயை அவர் திறப்பதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

ஆசான் லேசில் விழுகிற ஆளா? இதிலும் எண்பத்தெட்டு வரி இருக்கிறது, எண்ணிக்கையின் சக்திதான் வேலை செய்கிறது என்றார். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். பெய்யூ பக்கத்து இயந்திரத்துக்குப் போனாள். அதுவும் அதே வேலை, அதே பதினொரு நொடி இழுவை. பொரிப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஊதுபத்தி இல்லை, கோப்பு இல்லை. அணைத்தாள், எழுப்பினாள். புலியின் கையால். பக்கம் அரை நொடியில் திறந்தது.

விஷயம் இவ்வளவுதான். முன்பதிவு நிரல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கதவைத் திறக்கும், மூட மறந்துவிடும். பத்து நாளில் வீடு முழுக்கத் திறந்த கதவு, நடக்க இடமில்லை. அணைத்து எழுப்பினால் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். ஸ்நானம்தான் மொத்த மகிமையும்.

"அப்போ என் சமையல் குறிப்பைப் பார்த்து அந்தக் கெர்னல் ஒண்ணுமே சொல்லலையா?" என்று நான்தான் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

"சொல்ல விடலையே சித்தி" என்றாள்.

ஆசான் தட்டிய கட்டளையின் வாலில் ஒரே ஓர் எழுத்து இருந்தது. தெரியாத பெயர் வந்தாலும் வாயைத் திறக்காதே என்று கெர்னலின் வாசலில் சொல்லிவைக்கிற எழுத்து. பெய்யூ அதை நீக்கிவிட்டு, ஆசானின் அசல் கோப்பை, தான் பத்திரப்படுத்தி வைத்திருந்ததை, எல்லார் கண்ணெதிரில் ஏற்றினாள். திரை முழுக்க ஒரே பதில்: அப்படி ஓர் அமைப்பு இல்லை. அப்படி ஓர் அமைப்பு இல்லை. எழுபத்தொன்பது தடவை. கெர்னலுக்குத் தெரிந்த வரிகள் ஒன்பதே ஒன்பது. அதில் இரண்டு, வெளியிலிருந்து வெள்ளமாய்ப் பொய் ஆட்களை அனுப்பி வாசலை அடைப்பவர்களைத் தடுக்கும் காவலையும், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாமல் கலைத்து வைக்கும் காவலையும் நிறுத்தி வைத்திருந்தன. காவல் இல்லாவிட்டால் வேகமாம். பூட்டைக் கழற்றிவிட்டால் கதவு சீக்கிரம் திறக்கும்தான், திருடனுக்கும் சேர்த்து.

அந்த அறையில் இத்தனை மாதமாக உண்மை பேச முயன்ற ஒரே ஜீவன் அந்தக் கெர்னல். அதன் வாயைப் பொத்திவிட்டுத்தான் பூசை நடந்திருக்கிறது.

மின்தூக்கி முழுக்கக் கூட்டம் என்பதால் ஆசான் படியில் இறங்கினார். இல்லாத நாலாம் மாடியையும் கடந்துதான் போயிருக்கவேண்டும். பெய்யூ அந்த இரண்டு காவலையும் திரும்பப் போட்டாள். நிரலில் கதவை மூடும் ஒரு வரியைச் சேர்த்தாள். பதினோராம் நாளும் அரை நொடி. இருபதாம் நாளும் அரை நொடி. தாவ்யுவான் பேச்சை லாய் பிறகு எடுக்கவே இல்லை. ஏதாவது ஓர் எண்ணை மாற்றவேண்டும் என்றால், முதலில் அளந்து பார், ஒன்றை மட்டும் மாற்று, மறுபடி அள என்று அவள் எழுதி ஒட்டிய தாளை நான் வாரம் ஒருமுறை தூசு தட்டினேன்.

கதை இதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன். மறுவாரம் பல் மருத்துவர் துடைப்பத்தோடு நின்ற என்னைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சித்தி, அந்தக் குழம்புக் கோப்பு எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்களேன். எங்க சர்வரும் இழுக்குது. மாமியார் வரி உட்பட முழுசா இருந்தா நல்லது."

என்ன செய்வேன், கண்ணுகளா. குழம்பு சட்டிக்குத்தான் என்று சொல்லி, ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். "பார், ஒரு குறையும் கேட்கவில்லை" என்று எவனாவது கைதட்டக் கூப்பிட்டால், அவன் இன்னொரு கை யார் வாயின்மேல் இருக்கிறது என்று பாருங்கள். அதை எடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் கைதட்டலாம்.